பாதத்தில் ஒட்டிப்போன எலும்பு: பிள்ளைகளின் கால்வலியைத் தள்ளிவிடாதீர்கள்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் நீரிழிவைப் பற்றிப் பேசினோம். கூட்டம் கலையும்போது ஒரு தாய் என்னை ஓரமாக அழைத்தார். "மிஸ், என் மகனுக்கு பதிமூணு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கால் வலிக்குதுன்னு இஸ்தோப்புல படுத்துக்கிறான். தண்ணி எடுக்கப் போடான்னா போகமாட்டான். நடிக்கிறான்னு அவங்க அப்பா அடிக்கிறாரு" என்றார். அந்தத் தாயிடம் அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இன்று எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இதே கதை எங்கள் காம்பராவிலும் நடந்தது. அதில் குற்றவாளி நான்தான்.

நான் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பா கவ்வாத்துக்காரர். எனக்குப் பின்னால் ஒரே தம்பி. அவனுக்கும் பதிமூன்று வயதில் கால்வலி வந்தது. பந்து விளையாடினால் மறுநாள் நொண்டுவான். மேட்டு லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் அடிக்கடி கால் பிசகும். பிசகும் ஒவ்வொரு தடவையும் அப்பா முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். வீக்கம் வற்றும், வலி போகாது. அப்போது நான் தாதிப் பயிற்சியில் இருந்தேன். லீவில் வந்தபோது அம்மா, "நீதான் படிக்கிறியே, இவன் காலைப் பாரு" என்றார். பார்த்தேன். பாதம் தட்டையாக இருந்தது. "தட்டைப் பாதம்தான் அம்மா, ஒன்றுமில்லை. நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பயணம் போய்விட்டேன். படித்த பிள்ளை சொன்னதால் அதற்குப் பிறகு யாரும் அவன் காலைப் பார்க்கவில்லை. தம்பி பத்தாம் வகுப்போடு நின்றான். பதினெட்டு வயதில் செக்ரோலில் பேர் பதிந்தான். கான் வெட்டினான், முள்ளுக் குத்தினான், கவ்வாத்து வெட்டினான். எல்லாம் சரிவில் நின்று செய்யும் வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் அவனால் முடியாது. பெரட்டுக்களத்தில் அவனுக்குக் கிடைத்த பட்டம் 'அரைப்பேர்'.

அவன் காலில் என்ன இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் எலும்பு வார்ட்டில் வேலை செய்த காலம். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே நடை. அதே தட்டைப் பாதம். பெரிய டாக்டர் அந்தப் பிள்ளையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து குதிகாலைப் பார்த்துவிட்டு, "இது சாதாரணத் தட்டைப் பாதம் இல்லை. உள்ளே எலும்பு ஒட்டியிருக்கிறது" என்றார். எனக்குக் கை கால் உதறியது. தம்பியை ஒரு தடவைகூட நான் நுனிக்காலில் நிற்க வைத்துப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

எலும்பு ஒட்டுவது என்றால் என்ன? நம்முடைய ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. அதில் பின்பக்கமும் நடுவிலும் இருப்பவை 7. மேலே கணுக்கால் எலும்பு, அதற்குக் கீழே குதிகால் எலும்பு, முன்னால் படகு மாதிரி வளைந்த ஒரு எலும்பு. தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது இவை தனித்தனியாகப் பிரிந்து, இடையில் மூட்டு உண்டாக வேண்டும். சில பிள்ளைகளுக்கு இரண்டு எலும்புகள் முழுதாகப் பிரிவதில்லை. நடுவில் ஒரு பாலம் நின்றுவிடுகிறது. அது நாராக இருக்கலாம், குருத்தெலும்பாக இருக்கலாம், கெட்டி எலும்பாகவும் இருக்கலாம். அதிகமாகக் காண்பது இரண்டு வகை: குதிகால் எலும்பும் படகெலும்பும் ஒட்டுவது, கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் ஒட்டுவது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு பாதத்திலும் இருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இரத்த உறவில் இன்னொருவருக்கும் இருக்கலாம். இது தாய் தின்றதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வந்ததல்ல. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

பிறவியிலேயே இருக்கிறது என்றால் வலி ஏன் பத்து, பதின்மூன்று வயதில் வருகிறது? சின்ன வயதில் அந்தப் பாலம் இளசாக, வளைந்து கொடுக்கும். பிள்ளை வளர வளர அது இறுகி எலும்பாகிறது. முதல் வகையில் பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள், இரண்டாவது வகையில் 12 முதல் 16 வயதுக்குள் இது நடக்கும். அதே வயதில்தான் பிள்ளையின் பாரமும் கூடுகிறது, ஓட்டமும் கூடுகிறது.

இந்த இடத்தில் நம் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே இருக்கும் அந்த மூட்டின் வேலை, பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுப்பது. மட்டமான தார் ரோட்டில் நடப்பவருக்கு அந்த வேலை கொஞ்சம்தான். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நின்று கொழுந்தெடுக்கும் நமக்கு நாள் முழுக்க அந்த மூட்டில்தான் பிழைப்பு. அது இறுகிவிட்டால் சாய வேண்டிய பாதம் சாயாது. அந்த இழுவை மேலே கணுக்காலுக்கும் பக்கத்து மூட்டுகளுக்கும் போகிறது. அதனால்தான் தம்பிக்கு அடிக்கடி பிசகியது. கண் தெரியாமல் விழுந்தவன் இல்லை அவன்.

பாதத்தைப் பற்றிய இந்த அறிவு மருத்துவத்துக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா நாட்டில் படைக்கு ஆள் எடுத்தபோது, ஹரிஸ், பீத் என்ற இரண்டு வைத்தியர்கள் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதங்களைச் சோதித்தார்கள். இறுகிய, வலிக்கிற தட்டைப் பாதத்துக்குப் பின்னால் கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் ஒட்டியிருப்பதும் ஒரு காரணம் என்று 1948இல் எழுதினார்கள். அதற்கு முன்னமே, 1921இல் ஸ்லோமான் என்ற வைத்தியர் பாதத்தைச் சரித்து வைத்து எக்ஸ்ரே எடுத்து மற்ற வகையைக் காட்டியிருந்தார். 1927இல் பாட்ஜ்லி என்பவர் அந்தப் பாலத்தை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதினார். சிப்பாய் நடந்தால்தான் படை நடக்கும் என்பதற்காக அவன் பாதத்தைப் பார்த்தார்கள். தோட்டமும் நம் பாதத்தில்தான் நடக்கிறது. நாம் கேட்டால்தான் நம் பாதத்தையும் பார்ப்பார்கள்.

இனி வீட்டிலேயே எப்படிக் கவனிப்பது என்று சொல்கிறேன்.

முதலாவது, வலி எங்கே என்று பிள்ளையைக் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்திலோ உட்பக்கத்திலோ காட்டும். நடந்தால், விளையாடினால், மலையேறினால் கூடும். ஓய்வெடுத்தால் குறையும்.

இரண்டாவது, ஒரே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நுனிக்கால் சோதனை. பிள்ளையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். சாதாரணத் தட்டைப் பாதம் என்றால், எழும்பும்போது உள்பக்கக் குழிவு தெரியும். குதிகால் கொஞ்சம் உள்ளே திரும்பும். எலும்பு ஒட்டிய பாதத்தில் குழிவு வராது, குதிகாலும் திரும்பாது. பலகை மாதிரி நிற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தட்டைப் பாதம் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு வலியும் இல்லை, வைத்தியமும் தேவையில்லை. எலும்பு ஒட்டியிருந்தும் வலியே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறவர்களும் உண்டு. வலியில்லாத காலை யாரும் வெட்டுவதில்லை. அதே நேரத்தில் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சலோடு வரும் வீக்கம், பிள்ளை மெலிந்துபோவது, இவை வேறு நோயின் அடையாளம். அதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் எலும்பு கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது "கால் வலி" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். "இத்தனை மாதமாக வலி, இத்தனை தடவை பிசகியது, நுனிக்காலில் நின்றால் குழிவு வரவில்லை" என்று சொல்லுங்கள். முன்னாலும் பக்கத்திலும் எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தப்பிப்போகலாம். சரித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குதிகாலுக்கும் படகெலும்புக்கும் நடுவிலுள்ள பாலம் நன்றாகத் தெரியும். மற்ற வகைக்கு சீ.டீ. ஸ்கேன் தேவைப்படும். நார்ப் பாலத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று சொன்னால், எலும்பு ஒட்டவில்லை என்று அர்த்தமில்லை.

கண்டுபிடித்தவுடன் கத்தி வைக்கமாட்டார்கள். முதலில் ஓட்டம் விளையாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கி கொடுப்பார்கள். வலி மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே 4 முதல் 6 கிழமை பிளாஸ்டர் போட்டு மூட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். இதோடு வலி அடங்கும் பிள்ளைகள் கணிசம். அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் சத்திரசிகிச்சை.

சத்திரசிகிச்சை இரண்டு விதம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு என்பதால் நம் ஆட்கள் குழம்புகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒன்று, பாலத்தை வெட்டி எடுப்பது. மயக்க மருந்து கொடுத்து, பாதத்தின் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்து, ஒட்டியிருக்கும் துண்டை முழுதாக எடுத்துவிடுவார்கள். வெறுமனே விட்டால் அந்த இடைவெளியில் எலும்பு மறுபடி வளர்ந்துவிடும். அதனால் பிள்ளையின் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொழுப்பையோ, பக்கத்திலுள்ள சிறு தசையையோ எடுத்து அங்கே அடைத்துத் தைப்பார்கள். மூட்டு திரும்ப அசையும். வளரும் பிள்ளைக்கு, பக்கத்து மூட்டுகள் தேயாமல் இருக்கும்போது செய்தால் பலன் நல்லது. கணுக்கால் எலும்புக்குக் கீழே உள்ள வகையில், மூட்டின் பாதிக்கு மேல் ஒட்டியிருந்தால் பலன் குறையும். அந்த நேரத்தில் குதிகால் எலும்பை வெட்டி நேராக்குவது போன்ற வேறு வழிகளையும் டாக்டர் யோசிப்பார்.

மற்றது, மூட்டை நிரந்தரமாக ஒட்டிவிடுவது. "ஒட்டினதால வலி, அதுக்கு மருந்தும் ஒட்டுறதா?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அரைகுறையாக ஒட்டிய மூட்டு, ஆடவும் முடியாமல் ஓயவும் முடியாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து மூட்டுகள் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து, குருத்தெலும்பு தேய்ந்து வாதம் பிடிக்கிறது. தேய்ந்தபின் பாலத்தை வெட்டினால் தேய்ந்த எலும்பும் எலும்பும்தான் உரசும். அதனால் மீதிக் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எலும்புகளைச் சேர்த்து ஆணி பூட்டி, ஒரே எலும்பாக வளரவிடுகிறார்கள். ஆடாத இடத்தில் உரசல் இல்லை. உரசல் இல்லாத இடத்தில் வலி இல்லை. மூன்று மூட்டுகளைச் சேர்த்து ஒட்டும் சத்திரசிகிச்சையை 1923இலேயே ரையர்சன் என்ற வைத்தியர் விவரித்திருக்கிறார்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பாதம் மேலும் கீழும் ஆடும்; பக்கவாட்டில் சாயாது. மட்டமான தரையில் நன்றாக நடக்கலாம். சரிவில் நின்று வேலை செய்வது கஷ்டம். வருடங்கள் போகப் போகக் கணுக்கால் மூட்டு தேயவும் கூடும். நாம் மலையில் வேலை செய்கிறவர்கள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். "என்ன வேலை?" என்று கேட்டால் "தோட்ட வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சரிவில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை என்று சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின்தான் நமக்குப் பெரிய பாடு. பாலத்தை வெட்டிய பிள்ளைக்கு இரண்டு, மூன்று கிழமை பிளாஸ்டர். பிறகு கால் அசைக்கும் பயிற்சி. மெதுமெதுவாகப் பாரம் வைத்து நடப்பது. ஓட்டம் விளையாட்டுக்குச் சில மாதம் ஆகும். மூட்டை ஒட்டியவருக்கு ஏறக்குறைய 6 கிழமை காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அதற்குப் பிறகும் சுமார் 6 கிழமை பிளாஸ்டரோடு நடக்க வேண்டும். முழுதாகத் தேற ஒரு வருடம் வரை எடுக்கலாம்.

லயத்தில் இதை எப்படிச் சமாளிப்பது? கக்கூசு வெளியே. படி வழுக்கும். மழை விடாது. முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். ஊன்றுகோலில் நடக்க வைத்தியசாலையிலேயே பழகிக்கொண்டு வாருங்கள். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கதிரையும் வாளியும் இருந்தால் இரவில் வெளியே போகத் தேவையில்லை. பிளாஸ்டர் நனையாமல் பொலித்தீன் பையால் கட்டுங்கள். குளித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, மாத்திரைக்கும் அடங்காத வலி கூடிக்கொண்டே போனாலோ, பிளாஸ்டருக்குள் நாற்றம் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. புகைப்பவர் நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் சீனியைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபின் போவது நல்லது.

ஆபத்து இல்லாத சத்திரசிகிச்சை இல்லை. கிருமி பிடிக்கலாம். தோலில் ஒரு பகுதி மரத்துப்போகலாம். வெட்டிய பாலம் திரும்ப வளரலாம். ஒட்ட வைத்தது ஒட்டாமல் போகலாம். கொஞ்ச வலி மிஞ்சலாம். பாதத்தின் தட்டை அப்படியே இருக்கலாம். வலி போவதுதான் நோக்கம், அழகு அல்ல. கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் கேளுங்கள். பாஷை புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தம்பியின் கதையை முடிக்கிறேன். நான் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவனுக்கு வயது முப்பத்தெட்டு. கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் ஒட்டி, பக்கத்து மூட்டுகளும் தேய்ந்திருந்தன. பாலத்தை வெட்டும் காலம் கடந்துவிட்டது. மூட்டுகளை ஒட்டினார்கள். நான்கு மாதம் சம்பளம் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் அரிசி கொடுத்தார்கள். திரும்ப மலைக்குப் போக முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. நம் சங்கத் தலைவர் மூன்று தடவை ஒபிசுக்குப் போய்ப் பேசினார். கடைசியில் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். "வலி போயிருச்சு அக்கா. இது அப்பவே தெரிஞ்சிருந்தா நான் அரைப்பேர் இல்லைதானே?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருடம் அவன் மகளுக்குப் பதினொரு வயது. கால் பிசகியது என்று அழுதாள். அன்று பின்னேரமே நுனிக்காலில் நிற்க வைத்துப் பார்த்தான் தம்பி. அவளுக்கு இருந்தது மற்ற வகை, குதிகாலும் படகெலும்பும். பிளாஸ்டர் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் வலி திரும்பியது. பாலத்தை வெட்டி எடுத்தார்கள். இப்போது அவள் ஆசிரியை வேலைக்குப் படிக்கிறாள். போன பொங்கலுக்கு என்னோடு கோயில் மலை ஏறினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

நம் சங்கத்திடம் மூன்று காரியம் கேட்கிறேன். பாடசாலைகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் மருத்துவப் பரிசோதனையில் 7ஆம், 10ஆம் தரப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். இந்த நோய் தெரிய வருகிற வயது அதுதான். அந்த நாளில் பிள்ளையை மட்டம் போட விடாமல், கால்வலி இருந்தால் அங்கே சொல்லச் செய்ய வேண்டும். இரண்டாவது, சத்திரசிகிச்சைக்குப் போகும் தொழிலாளியின் பேர் செக்ரோலில் இருந்து வெட்டுப்படாமல் இருக்கவும், வைத்தியர் கடிதம் கொடுத்தால் இலேசான வேலை கிடைக்கவும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் பேசியது துரை மாறினால் மறைந்துபோகும். மூன்றாவது, ஊன்றுகோலும் கதிரையும் ஒரு சோடி வாங்கிக் கமிட்டி வசம் வைத்தால் தேவைப்படும் காம்பராவுக்குக் கொடுக்கலாம்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. வலிக்குது என்று பிள்ளை சொன்னால் கம்பை எடுக்குமுன் காலைப் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைக் காம்பரா வாசலில் இருப்பேன். கால்வலி என்று சொல்லும் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.